ஜனாஸாவுக்கு நூறு பேர். கதவைத் தட்ட ஒருவர் இல்லை!



காலையில் கடையின் ஷட்டரைத் தூக்குகிறீர்கள். முதலில் பூட்டைப் பார்க்கிறீர்கள், பிறகு கல்லாவை, பிறகு நேற்றைய பாக்கி நோட்டை. எதிர் வீட்டு மாடியில் நேற்று இரவு விளக்கு எரிந்ததா என்று என்றைக்காவது பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்ததில்லை. இருபத்திரண்டு வருடமாக வட சென்னையில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். பார்த்ததில்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் கடைக்கு எதிர்ச் சந்தில் ஒரு பழைய வீடு. அதன் மாடியில் ஒற்றை அறையில் ஒரு பெரியவர் குடியிருந்தார். துறைமுகத்தில் முப்பது வருடத்துக்கு மேல் உழைத்து ஓய்வு பெற்றவர். சொந்த ஊர் இராமநாதபுரம் பக்கம். மனைவி மவுத்தாகி ஆறேழு வருடம் இருக்கும். மகன் வளைகுடாவில், மகள் பெங்களூரில். தினமும் சுபுஹ் தொழுதுவிட்டு என் கடைக்கு வருவார். ஒரு பாக்கெட் பால், இரண்டு பன். வியாழக்கிழமை மாலையில் ஒரு கட்டு ஊதுபத்தி. "என்ன பாய், சுகமா?" என்று நான் கேட்பேன். "அல்ஹம்துலில்லாஹ்" என்பார். எங்கள் உறவு அவ்வளவுதான்.

ஒரு செவ்வாய்க்கிழமை அவர் வரவில்லை. நான் கவனிக்காமல் இருக்கவில்லை. இதுதான் என்னை இன்றைக்கும் குத்துகிறது. பால் பாக்கெட் ஒன்று மிஞ்சியதால் கவனித்தேன். மகள் வீட்டுக்குப் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். புதன்கிழமையும் மிஞ்சியது. அதை வேறொருவருக்கு விற்றேன். வியாழக்கிழமை பாலில் ஒரு பாக்கெட்டைக் குறைத்து வாங்கினேன். வியாபாரி அல்லவா, கணக்கு உடனே சரியாகிவிட்டது!

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு முன் கீழ் வீட்டு அம்மா ஓடி வந்தார். மாற்று மதச் சகோதரி. மாடியிலிருந்து வாடை வருகிறது என்றார். நாலு பேர் சேர்ந்து கதவை உடைத்தோம். உள்ளே கண்டதை இங்கே எழுதப் போவதில்லை. முஸல்லா விரித்தபடியே இருந்தது என்பதை மட்டும் சொல்கிறேன்.

போலீஸ், ஆஸ்பத்திரி, பிரேதப் பரிசோதனை எல்லாம் முடிந்து மறுநாள் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் மவுத்து அறிவிப்புச் செய்தார்கள். கூட்டம் கூடிவிட்டது. நூறு பேருக்குக் குறையாது. சந்தூக்கைத் தோள் மாற்றித் தோள் தூக்கி, கபர்ஸ்தான் வரை கால் தரையில் படாத வேகத்தில் கொண்டுபோனோம். அன்று காலைதான் வந்திறங்கிய மகன் ஒரு பிடி மண் போட்டுவிட்டு நின்றுகொண்டே இருந்தான். திரும்பி வரும்போது ஒருவர் சொன்னார்: "மாஷா அல்லாஹ், பாய்க்கு எவ்வளவு கூட்டம் பார்த்தீங்களா!"

அந்த ஒரு வார்த்தைதான் என் தூக்கத்தைக் கெடுத்தது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். செவ்வாய் சுபுஹிலிருந்து வெள்ளி சுபுஹ் வரை பதினாறு வக்து. பள்ளிவாசல் அவருடைய அறையிலிருந்து கூப்பிடு தூரம். இரண்டாவது ஸஃப்பில் வலது ஓரத்தில் நிற்பவர். பதினாறு வக்தும் அந்த இடத்தில் வேறு ஒருவர் நின்று தொழுதிருக்கிறார். ஸலாம் கொடுத்துத் திரும்பிய எங்களில் ஒருவருக்கும் 'ஆளைக் காணோமே' என்று தோன்றவில்லை.

மதீனாப் பள்ளிவாசலைக் கூட்டிப் பெருக்கிவந்த ஓர் எளிய பெண்மணியின் செய்தியை நீங்கள் எல்லோரும் பயானில் கேட்டிருப்பீர்கள். ஆண் என்றும் ஓர் அறிவிப்பு உண்டு. புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிற செய்தி. அவர் இறந்ததையும் அடக்கியதையும் சாதாரண விஷயமாக நினைத்து நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் தோழர்கள் சொல்லவில்லை. நபியவர்கள் ஆளைக் காணாமல் விசாரித்தார்கள். தெரிந்ததும், ஏன் எனக்கு அறிவிக்கவில்லை என்று கேட்டு, கபுரைக் காட்டச் சொல்லிப் போய்த் தொழுதார்கள். நம் ஊர்களில் இந்தச் செய்தியை எதற்குப் பயன்படுத்துகிறோம்? அடக்கிய பிறகு கபுரில் ஜனாஸா தொழலாமா கூடாதா என்று வாதாடுவதற்கு! மேடை போட்டு, எதிர் மேடை போட்டு, மணிக்கணக்கில் பேசியிருக்கிறோம். அந்தச் செய்தி ஆரம்பிப்பதே ஓர் ஆளைக் காணவில்லை என்று தலைவர் ஒருவர் கவனித்ததில்தான் என்பதை எந்த மேடையிலும் நான் கேட்டதில்லை.

இது ஏதோ ஒரு சந்தில் நடந்த ஒற்றைச் சம்பவம் என்று நீங்கள் நினைக்கலாம். உலகத்தைச் சற்றுப் பாருங்கள்.

ஜப்பானில் இதற்கென்றே ஒரு சொல் இருக்கிறது. கொதொகுஷி. தனித்த மரணம் என்று பொருள். டோக்கியோவுக்குப் பக்கத்தில் மட்சுதோ நகரத்தின் தொகுப்பு வீடு ஒன்றில் 69 வயதுக்காரர் ஒருவர் இறந்து மூன்று வருடம் யாருக்கும் தெரியாமல் கிடந்தார். வாடகையும் மின்சாரக் கட்டணமும் வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் போய்க்கொண்டே இருந்ததால் யாரும் கதவைத் தட்டவில்லை. 2000ஆம் ஆண்டில் கணக்கில் பணம் தீர்ந்த பிறகுதான் ஆள் வந்தார்கள்; எலும்புக்கூடு கிடந்தது. நாடே அதிர்ந்தது. அதிர்ந்து என்ன பயன்? 2024ஆம் ஆண்டில் மட்டும் அங்கே தனியாக வாழ்ந்து தம் வீட்டிலேயே இறந்துகிடந்தவர்கள் 76,020 பேர் என்று அந்நாட்டுக் காவல்துறை கணக்குச் சொல்கிறது. அவர்களில் 58,044 பேர் 65 வயதைத் தொட்டவர்கள் அல்லது கடந்தவர்கள். தனிமைக்கென்று பிரிட்டன் 2018இல் ஓர் அமைச்சரையே நியமித்தது. ஜப்பான் 2021இல் நியமித்தது. பணக்கார நாடுகளின் நோய் என்று சொல்லிவிட்டுப் போய்விடலாமா?

மும்பை ஓஷிவாராவில் 2017 ஆகஸ்டில், அமெரிக்காவிலிருந்து வந்த மகன் பத்தாவது மாடி வீட்டுக் கதவைத் திறந்தபோது தாயின் எலும்புக்கூட்டைத்தான் கண்டான். அவன் தாயிடம் கடைசியாகப் போனில் பேசியது 2016 ஏப்ரலில். ஒரு காலத்தில் இந்தியா முழுவதும் அறிந்த நடிகை பர்வீன் பாபி, 2005 ஜனவரி 22 அன்று அதே மும்பையில் தம் வீட்டில் இறந்துகிடக்கக் காணப்பட்டார். வாசலில் பாலும் செய்தித்தாளும் எடுக்கப்படாமல் கிடந்ததைப் பார்த்துத்தான் விஷயம் வெளியே வந்தது. சினிமாவைப் பற்றி இங்கே பேச்சில்லை. இலட்சக்கணக்கானோர் பெயர் சொல்லத் தெரிந்த பெண்ணின் வாசலில் பால் பாக்கெட்டைக் குனிந்து பார்க்க ஆளில்லை என்பதுதான் பேச்சு. அங்கேயும் பால் பாக்கெட், என் கடையிலும் பால் பாக்கெட்!

இனி நம் வீட்டுக்கு வருவோம். தமிழ்நாடு வேகமாக மூப்படைந்து வருகிற மாநிலம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 60 வயதைக் கடந்தவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர். 2021இல் இது 13.6 சதவீதம், 2031இல் 18.2 சதவீதம் என்று மத்திய அரசின் வல்லுநர் குழு மதிப்பிட்டிருக்கிறது. கேரளாவுக்கு அடுத்து நாம்தான். பிள்ளைகள் குறைவு, ஆயுள் அதிகம். பெண்கள் ஆண்களைவிட அதிக காலம் வாழ்கிறார்கள். ஆகவே தனியாக மிஞ்சுகிறவர்களில் விதவைத் தாய்மார்களே அதிகம்.

இதில் வட சென்னைக்கு ஒரு தனிக் கணக்கு உண்டு. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

இது வெளியூர் ஆட்களை வைத்து வளர்ந்த பகுதி. 1856இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் ராயபுரத்திலிருந்துதான் புறப்பட்டது. பிறகு துறைமுகம் வளர்ந்தது. பெரம்பூரில் பின்னி ஆலை, திருவொற்றியூரில் விம்கோ, என்ஃபீல்டு, எம்.ஆர்.எஃப்., எண்ணூரில் அசோக் லேலண்ட், 1970இல் அனல் மின் நிலையம் என்று வரிசையாகச் சங்கு ஊதிய ஊர் இது. இராமநாதபுரத்திலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் வட ஆற்காட்டிலிருந்தும் ஆந்திராவிலிருந்தும் ஒரு துணிப்பையோடு வந்து இறங்கினார்கள். 1960களில் பர்மாவிலிருந்து விரட்டப்பட்டவர்கள் வந்தார்கள். எட்டுப் பேர் ஓர் அறையில் படுத்தார்கள். அந்த அறையில் தனியாகச் சாக வேண்டும் என்று ஒருவன் ஆசைப்பட்டாலும் முடிந்திருக்காது. ஒருவன் இருமினால் ஏழு பேர் விழித்துக்கொள்வார்கள்!

வேலைக்குப் போன காலத்தில் இன்னொரு பாதுகாப்பும் இருந்தது. ஷிப்டுக்கு வராதவன் பெயருக்கு நேரே டைம் கீப்பர் அன்றைக்கே கோடு போட்டுவிடுவார். மறுநாள் யூனியன்காரர் வீட்டுக்கு வந்துவிடுவார். முதலாளி சம்பளத்தைப் பிடிப்பதற்காக வைத்த பதிவேடுதான். ஆனாலும் 'இவன் வரவில்லை' என்று சொல்ல ஒரு பதிவேடு இருந்தது.

பின்னி ஆலை 1996இல் நின்றது. கண்டெய்னர் வந்த பிறகு மூட்டை தூக்கும் கைகள் துறைமுகத்துக்குத் தேவைப்படவில்லை. நீதிமன்ற உத்தரவுப்படி 2011 அக்டோபரிலிருந்து நிலக்கரியும் இரும்புத் தாதுவும் சென்னைத் துறைமுகத்தை விட்டு எண்ணூருக்குப் போயின. ஊர் தூசியிலிருந்து தப்பியது, நல்லதுதான். அந்தத் தூசியில் பிழைத்தவனின் வேலையும் போனது. எண்ணூர் அனல் மின் நிலையம் 2017இல் மூடப்பட்டது. விம்கோ என்றால் இன்றைய பிள்ளைகளுக்கு மெட்ரோ ரயில் நிற்கும் இடம். தீப்பெட்டி ஞாபகத்துக்கு வருவதில்லை.

சங்கு நின்றது. வந்த ஆட்களில் பலர் ஊர் திரும்பவில்லை. ஊரில் பங்கு பிரித்தாயிற்று, இங்கே வாடகை குறைவு, பள்ளிவாசல் பக்கம், ஆஸ்பத்திரி பக்கம். பிள்ளைகள்தான் போனார்கள். ஒருவன் துபாய்க்கு, ஒருவன் பழைய மகாபலிபுரம் சாலைக் கம்பெனிக்கு, ஒருத்தி கணவன் ஊருக்கு. பத்துக் குடித்தனம் இருந்த ஓட்டு வீடுகளை இடித்து அடுக்குமாடி கட்டினார்கள். அந்தப் பத்துக் குடித்தனமும் பத்துத் திசைக்குப் போனது. 2004 சுனாமிக்குப் பிறகு கடற்கரைக் குப்பத்து மக்கள் எர்ணாவூர்க் குடியிருப்புக்குப் போனார்கள். துறைமுகம் கட்டிய நாளிலிருந்து வடக்குக் கரையைக் கடல் தின்றுகொண்டே இருக்கிறது, அதில் கரைந்த தெருக்களும் உண்டு. தெரு கலைந்தால் தெருவின் கண்ணும் கலைந்துவிடுகிறது.

ஓய்வூதியம் வாங்குகிறவரிடம் அரசாங்கம் வருடத்துக்கு ஒருமுறை உயிரோடு இருப்பதற்குச் சான்று கேட்கிறது. ஜப்பான்காரனிடம் அதுகூடக் கேட்கவில்லை போலும். நம் மஹல்லா எதைக் கேட்கிறது?

இங்கேதான் கசப்பான விஷயத்துக்கு வர வேண்டும். நிர்வாகிகள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

ஜமாஅத்தின் பதிவேட்டைத் திறந்து பாருங்கள். தலைக்கட்டு எண், குடும்பத் தலைவர் பெயர், சந்தா, பாக்கி. இதுதான் இருக்கும். வாடகைக்கு வந்த வெளியூர்க்காரன் பெயர் இருக்காது. கணவன் இறந்த பிறகு சந்தா கட்ட முடியாத தாயின் பெயர் மெல்ல உதிர்ந்துவிடும். கல்யாணமே செய்துகொள்ளாத ஒற்றை ஆள், தலைக்கட்டாகவே கருதப்பட மாட்டான். யாரெல்லாம் தனியாக இருக்கிறார்களோ அவர்கள்தான் பதிவேட்டில் இல்லாதவர்கள்! நிக்காஹ் தஃப்தரும் சந்தா நோட்டும் குடும்பத்தைத்தான் எண்ணும். அடக்கம் செய்யும் நேரத்தில் சந்தா பாக்கியைப் பேசி இழுத்தடித்த ஜமாஅத்துகளை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். மய்யித்தை வைத்துக்கொண்டு ரசீதுப் புத்தகம் புரட்டிய காட்சியை மறக்க முடியவில்லை. பெயர் சொல்லி யாரையும் அவமானப்படுத்துவது என் நோக்கமல்ல. அப்படிச் செய்தவர்களுக்குத் தெரியும்.

பெண்களின் நிலை இன்னும் மோசம். ஆணுக்காவது ஸஃப்பில் ஓர் இடம் காலியாகிறது. நம் ஊர் நிலவரத்தில் பள்ளிவாசலுக்கே வராத நன்னிமாவுக்கு எந்த வரிசையில் இடம் காலியாகும்? அவர் ஒரு வாரம் வெளியே வராவிட்டால் யாருக்குத் தெரியும்? நிஸ்வான் மதரஸாவில் படிக்கும் நம் பெண்பிள்ளைகள் மாலையில் வீட்டுக்குப் போகிற வழியில் ஒரு வாசலில் நின்று ஸலாம் சொல்லிவிட்டுப் போனால் என்ன குறைந்துவிடும்? பாடத்திட்டத்தில் இல்லை என்பார்கள். சேர்த்தால் இருக்கும்.

பிள்ளைகளைத் திட்டிவிட்டுக் கை கழுவுவது எளிது. 'பெத்தவனைக் கவனிக்காத புள்ளை' என்று அந்த மகனைப் பற்றியும் தெருவில் பேசினார்கள். நானும் பேசியிருப்பேன், ஜனாஸா அன்று இரவு அவனோடு உட்கார்ந்திருக்காவிட்டால். மாதாமாதம் பணம் அனுப்பியிருக்கிறான். வாரம் இரண்டு முறை போன் செய்திருக்கிறான். புதன்கிழமை அடித்திருக்கிறான், எடுக்கவில்லை. சார்ஜ் போட மறந்திருப்பார், அவருக்கு அது வழக்கம் என்று நினைத்திருக்கிறான். வியாழக்கிழமை பயந்துபோய்த் தங்கையைக் கூப்பிட்டிருக்கிறான். இருவரும் யாரைக் கேட்பது என்று தெரியாமல் தவித்திருக்கிறார்கள். "எனக்கு உங்க தெருவுல ஒருத்தர் நம்பர்கூட இல்லை காக்கா" என்று சொல்லி அழுதான். நான் அவன் வாப்பாவுக்கு ஆறு வருடம் பால் விற்றவன். என் கடைப் பலகையில் என் நம்பர் பெரிய எழுத்தில் இருக்கிறது. அவனுக்கும் எனக்கும் நடுவே அந்தப் பத்து இலக்கம் மட்டும்தான் இல்லை.

ஆகவே வியாபாரிச் சகோதரர்களே, உங்களிடம்தான் முதலில் கேட்கிறேன். மஹல்லாவில் யார் எப்போது வருவார், என்ன வாங்குவார் என்பது இமாமைவிட நமக்குத்தான் தெரியும். டீக்கடைக்காரருக்கும் மருந்துக்கடைக்காரருக்கும் தெரியும். நாஷ்டா கடையில் இரண்டு இடியாப்பம் பார்சல் வாங்கும் ஒற்றை ஆள் யார் என்று தெரியும். பாக்கி வைத்தவன் இரண்டு நாள் வராவிட்டால் ஆள் அனுப்புகிறோமா இல்லையா? பாக்கி வைக்காமல் ரொக்கம் கொடுத்து வாங்கும் பெரியவர் வராவிட்டால் மட்டும் ஏன் அனுப்புவதில்லை? கடையில் ஒரு நோட்டு வையுங்கள். தனியாக இருக்கிற வாடிக்கையாளர் பெயர், அறை, மகன் அல்லது மகள் நம்பர். உங்கள் நம்பரையும் அவர்களிடம் கொடுங்கள். வழக்கமாக வருகிறவர் ஒரு நாள் வராவிட்டால் அன்று மாலைக்குள் கடைப் பையனை அனுப்புங்கள். செலவு ஒன்றும் இல்லை. இரண்டு மாடி ஏறி இறங்கும் நேரம்தான்.

பெயர் எழுதும்போது முஸ்லிமா என்று கேட்டுவிட்டு எழுத வேண்டாம். பாயின் அறையில் வாடை வருகிறது என்று ஓடி வந்தவர் கீழ் வீட்டு அம்மாதான். அவரும் தனியாக இருப்பவர்தான். முதுமையில் கையேந்தி நின்ற ஒரு யூதரைக் கலீஃபா உமர் (ரலி) கண்டு, அவருக்குப் பைத்துல்மாலிலிருந்து கொடுக்க உத்தரவிட்டதை இமாம் அபூ யூசுஃப் தம் கிதாபுல் கராஜில் பதிந்திருக்கிறார். வாலிபத்தில் அவரிடமிருந்து வாங்கிக்கொண்டு வயோதிகத்தில் கைவிடுவது நியாயமல்ல என்பதுதான் உமர் (ரலி) சொன்ன காரணம். துறைமுகத்துக்கும் ஆலைக்கும் தோளைக் கொடுத்தவர்கள் நிரம்பிய இந்த ஊரில் அந்தக் காரணம் எவ்வளவு பொருந்துகிறது பாருங்கள்.

அடுத்த சமூகத்திடம் கற்றுக்கொள்வதிலும் வெட்கம் வேண்டாம். கத்தோலிக்கச் சகோதரர்கள் 'அன்பியம்' என்று அக்கம்பக்கத்துக் குடும்பங்களைச் சிறு குழுக்களாகச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். பங்கு எவ்வளவு பெரிதானாலும் யார் படுத்த படுக்கையாக இருக்கிறார் என்பது அந்தக் குழுவுக்குத் தெரிந்துவிடும். ராயபுரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1782இல் பஞ்ச காலத்தில் கஞ்சி ஊற்ற ஆரம்பித்த மணியக்காரர் சத்திரம் அங்கேதான் இருக்கிறது. இன்றைய ஸ்டான்லி ஆஸ்பத்திரி அதிலிருந்து முளைத்ததுதான். பழைய ஆட்கள் அதைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றுதான் சொல்வார்கள். ஆதரவற்ற முதியோருக்கு அந்தச் சத்திரம் இன்னும் இடம் கொடுக்கிறது. முதியோர் இல்லமே நமக்கு ஆகாத சொல் என்று மார்தட்டுகிறோம். வீட்டிலும் வைத்துக்கொள்ளாமல் இல்லமும் கட்டாமல் மார்தட்டுவதில் என்ன பெருமை?

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007இல் வந்தது. தமிழகம் 2009இல் அதற்கு விதிகள் வகுத்தது. பிள்ளைகள் கவனிக்காவிட்டால் கோட்டாட்சியர் அளவிலான தீர்ப்பாயத்தில் மனுச் செய்யலாம், வக்கீல் தேவையில்லை. பலருக்குத் தெரியாத இன்னொரு அம்சம் உண்டு. இந்தச் சட்டத்துக்காக மத்திய அரசு கொடுத்த மாதிரி விதிகளில், ஒவ்வொரு காவல் நிலையமும் தன் எல்லையில் உள்ள மூத்த குடிமக்களின், குறிப்பாகத் தனியாக வாழ்பவர்களின் பட்டியலை வைத்திருக்க வேண்டும், மாதம் ஒருமுறையாவது ஒரு காவலர் சமூக சேவகரோடு போய்ப் பார்க்க வேண்டும் என்று இருக்கிறது. உங்கள் காவல் நிலையத்தில் அந்தப் பட்டியல் இருக்கிறதா என்று போய்க் கேளுங்கள். பிரச்சினை என்றால் மட்டும் ஸ்டேஷன் வாசலில் நிற்கும் சமுதாயமாகவே நாம் ஏன் இருக்க வேண்டும்? ஆபத்தில் இருக்கும் முதியவரைக் கண்டால் 14567 என்ற எண்ணுக்குப் பேசலாம். நாடு முழுவதும் முதியோருக்கான உதவி எண் அது, கட்டணம் கிடையாது. உங்கள் நன்னிமாவின் பட்டன் போனில் நீங்களே அதைப் பதிந்து கொடுங்கள்.

இளைஞர்களே! உங்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. 2015 வெள்ளத்தில் இடுப்பளவு தண்ணீரில் சோற்றுப் பொட்டலம் சுமந்தவர்கள் நீங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலோடு எண்ணெய் கலந்த வெள்ளம் எர்ணாவூர்ப் பக்கத்து வீடுகளுக்குள் புகுந்தபோதும் போனீர்கள். 2020 ஏப்ரலில் கொரோனாவால் இறந்த ஒரு மருத்துவரின் உடலை அடக்க விடாமல் இதே சென்னையில் ஒரு கூட்டம் கல்லெறிந்தது. பெற்ற பிள்ளையே கிட்டே வரப் பயந்த அந்த நாட்களில், எந்த மதத்தவர் என்று பார்க்காமல் உடல்களைச் சுமந்து அவரவர் முறைப்படி நல்லடக்கமும் தகனமும் செய்து கொடுத்தவர்களில் நம் இளைஞர்கள் முன்வரிசையில் இருந்தார்கள். இதே ஊரில் காலித் அஹமது என்ற இளைஞர் 'உறவுகள்' என்று ஓர் அறக்கட்டளை அமைத்து, உரிமை கோர ஆளில்லாத உடல்களை மரியாதையோடு அடக்கம் செய்துவருகிறார். அந்தப் பெயரை எண்ணிப் பாருங்கள். உறவே இல்லாமல் போனவருக்குக் குழிமேட்டில் கிடைக்கிற உறவு!

நான் கேட்பது அதற்கு முந்தைய பத்து நாளைத்தான். இறந்தவரைத் தூக்க நமக்குத் தெரியும். மருத்துவமனையில் இரத்தம் என்றால் நடு ராத்திரியிலும் ஓடுகிறோம். ஒன்றுமே நடக்காத ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை மாலையில், காரணம் எதுவும் இல்லாமல், ஒரு கிழவரின் அறையில் பத்து நிமிடம் உட்கார நமக்குத் தெரியவில்லை. அதில் போட்டோ இல்லை, பேனர் இல்லை, பத்திரிகைச் செய்தியும் இல்லை. அவர் சொன்ன கதையையே திரும்பச் சொல்வார். 1970களில் கிரேன் அறுந்து விழுந்த கதையை நாலாவது முறை கேட்க வேண்டியிருக்கும். கேட்டுக்கொள்ளுங்கள்.

கிளைக் கூட்டங்களில் தீர்மானம் போடுவதில் நமக்குப் பழக்கம் அதிகம். இதற்குத் தீர்மானம் வேண்டாம். ஒரு மஹல்லாவில் தனியாக இருப்பவர்கள் பதினைந்து, இருபது பேருக்கு மேல் இருக்க மாட்டார்கள். வரும் ஜும்ஆவுக்குள் இரண்டு பையன்கள் தெருத்தெருவாகப் போனால் பட்டியல் கையில் இருக்கும். முத்தவல்லியிடம் ஒரு பிரதி, மோதினாரிடம் ஒரு பிரதி, பால் கடையில் ஒரு பிரதி. சந்தா நோட்டில் அது ஒட்டாவிட்டால் தனி நோட்டாகவே இருக்கட்டும்.

பாய் இருந்த அறைக்கு இப்போது வேறு ஆள் வந்துவிட்டார். வேலூர்ப் பக்கத்து டெய்லர், அறுபத்தெட்டு வயது, அவரும் ஒற்றை ஆள். வந்த அன்றே போய் அவர் தங்கை மகனுடைய நம்பரை வாங்கி என் பாக்கி நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டேன். போன வாரம் ஒரு நாள் காலையில் அவர் பால் வாங்க வரவில்லை. ஒன்பது மணிக்குள் மாடி ஏறிக் கதவைத் தட்டினேன். தூக்கக் கலக்கத்தில் கதவைத் திறந்து, "ராத்திரி பூரா தையல் பாய், இப்பத்தான் படுத்தேன், உங்களுக்கு என்ன அவசரம்?" என்று எரிந்து விழுந்தார். மன்னிப்புக் கேட்டுவிட்டு இறங்கி வந்தேன். பால் பாக்கெட்டை ஐஸ் பெட்டியில் எடுத்து வைத்தேன். மதியம் வந்து வாங்கிக்கொண்டு போனார்.